பின்பிடிக்குக் கேட்கணும்

முதல் நாள் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

உலைவாயில் இரும்பு பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஷெட்டின் நீளத்துக்கும் நடந்து வந்தார்கள். முன்பிடி அக்காள் புருஷன், பின்பிடி மச்சினன். பதினோரு வருஷமாக அதே ஜோடிதான். அவர்கள் தூக்குவது லேடில். பெரிய வாளி மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் ஆள் நீளத்துக்குக் கம்பு. உள்ளே அறுபது கிலோ இரும்பு தண்ணீராய்த் தளும்பும். பின்னால் பிடிக்கிறவனுக்கு முன்னால் போகிறவனுடைய முதுகும் லேடிலின் வெளிச்சமும்தான் கண்ணுக்குத் தெரியும், தரை தெரியாது. அதனால் முன்பிடிக்காரன் தரையைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். "கல்லு." "மேடு." "நில்லு." "ஈரம்." ஒவ்வொன்றுக்கும் பின்பிடிக்காரன் "கேட்டாச்சு" என்று பதில் கொடுக்கவேண்டும். பதில் வரவில்லையென்றால் முன்பிடி நின்ற இடத்தில் நின்றுவிடுவான். வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். கையுறை கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம், அதுவும் கொடுத்தால்.

அந்தத் திங்கட்கிழமை முன்பிடிக்காரன் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, பிணம் தூக்குகிறவன் மாதிரி நடந்தான்.

மச்சினன் விடுவானா? அவனுக்கு ஃபவுண்டரியில் பெயரே மைக்செட்.

"கல்லா? கேட்டாச்சு மாமா! மேடா? கேட்டாச்சு மாமா! வீட்ல அக்கா சௌக்கியமா? கேட்டாச்சு, கேட்டாச்சு!"

மண்ணில் அச்சு போடுகிற மோல்டிங் ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோர் மேடையில் நின்ற ராங்கி மட்டும் சிரிக்கவில்லை.

முன்னால் போகிறவன் அவள் புருஷன். பின்னால் போகிறவன் அவள் உடன்பிறந்த தம்பி. ராங்கி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எண்பது நாள் கதவடைப்பின்போது முதலாளிமார் கட்சியின் அடியாட்கள் கேட்டில் வந்து, "பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க" என்றார்கள். மற்றவர்கள் இரண்டடி பின்வாங்க, இவள் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "என் வீடு எதுன்னு உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். அன்றைக்கு வந்த பெயர். அன்றைக்கு உடைந்ததுதான் இடது மணிக்கட்டும். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இப்போதும் மழைநாளில் வலிக்கும். அந்தக் கையால்தான் ஒரு நாளைக்கு முந்நூறு கோர், அதாவது அச்சுக்குள் வைக்கிற மண்கட்டி, போடுகிறாள். பெட்டியில் மண்ணை அடைத்து, தட்டி, கம்பியால் குத்திக் காற்றுப்போக ஓட்டை விட்டு, தகட்டில் சாய்த்து, அடுப்புக்கு அனுப்புவாள்.

"என்னடி இது கூத்து? உன் வீட்டுக்காரர் வாய்ல என்ன, பூட்டா?" என்றாள் பக்கத்து மேடை குண்டூசி. ஒல்லியான உடம்பு, குத்துகிற நாக்கு. அதனால் அந்தப் பெயர்.

"கட்சிப் பூட்டு," என்றாள் ராங்கி.

விஷயம் இதுதான். நகரசபைத் தேர்தல் வருகிறது. கட்சி தனியாகத்தான் நிற்கும், எவனோடும் கூட்டு கிடையாது என்று மேல்கமிட்டி முடிவெடுத்தது. முந்தின வாரம் ஃபவுண்டரி கேட்டில் நடந்த கூட்டத்தில் மைக்செட் எழுந்து, "மூணு தடவை தனியா நின்னோம், மூணு தடவையும் தோத்தோம். முதலாளிமார் கட்சிக்காரன் ரெண்டு சீட்டு தர்றேன்னு சொல்றான். ரெண்டு பேராவது உள்ள போய் நம்ம தெருவுக்குத் தண்ணிக் குழாய் கேட்கலாமே" என்று சொல்லிவிட்டான். கூட்டத்தில் நாலைந்து பேர் கை தட்டியும்விட்டார்கள். கை தட்டல்தான் மேல்கமிட்டிக்குப் பொறுக்கவில்லை. கடிதம் வந்தது: கட்சியில் மிதவாதம் தலைதூக்குகிறது; கட்சிக்கு ஒரே குரல்தான் உண்டு; சம்பந்தப்பட்டவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை கட்சிக்காரர் எவரும் அவரோடு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. வீட்டில், தெருவில், வேலையிடத்தில், எங்கும்.

அந்தக் கடிதத்தைக் கிளையில் வாசித்துக் காட்டியவர் கிளைச் செயலாளர். கிளைச் செயலாளர் யாரென்றால், முன்பிடிக்காரன்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மைக்செட் கல்யாணம் ஆகாதவன். பக்கத்து அறையில் படுக்கை, அக்காள் வீட்டில் சாப்பாடு. சோறும் அவித்த கிழங்கும் போட்டாள். புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உப்பு அவன் பக்கத்துல இருக்கு. எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"அக்கா, உப்புக்கு மேல்கமிட்டி தடை போட்டிருக்கான்னு கேட்டுச் சொல்லு. எனக்கெதுக்கு வம்பு?" என்றான் தம்பி.

"கிண்டலை அவனை நிறுத்தச் சொல்லு."

"கிண்டலை நிறுத்திட்டேன்னு அவர்கிட்ட சொல்லுக்கா."

ராங்கி உப்பு டப்பாவை எடுத்து நடுவில் டொக்கென்று வைத்தாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட் ஆபீஸா? நானும் கட்சிக்காரிதான். எனக்கும் அந்தத் தடை உண்டுல்ல? நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன், எந்த வானம் இடிஞ்சு விழுந்துச்சு?"

"நீ பொம்பளை. வீட்டைப் பார்க்கணும். அது கணக்குல வராது," என்றார் புருஷன்.

"கேட்ல கை ஒடைஞ்சப்போ கணக்குல வந்தேன். இப்ப வரமாட்டேனா?"

தம்பி சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா பல்லைக் காட்டுற? நீ பேசினது மட்டும் நியாயமா? எவன் ஆளு என் கையை ஒடைச்சான்? அவன்கூடப் போய் ஒரே பெஞ்சுல உட்காரணுமா?"

"அக்கா, குழாய்..."

"குழாயாம் குழாய்! அவன் குழாய் போடுவான், அதுல தண்ணி வராது. அப்ப நீ அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிறதால வாயையும் திறக்க முடியாது. தனியா நின்னு தோத்தா தெருவுல நின்னு கத்தவாவது செய்யலாம்."

"மூணு மைல் நடந்து குடம் தூக்குறது நீதானேக்கா. உன்னை வச்சுத்தான் சொன்னேன்."

"எனக்காக நீ ஒண்ணும் எவன் கால்லயும் விழ வேண்டாம். கிழங்கைத் தின்னு."

புருஷனுக்கு உள்ளூரத் திருப்தி. அது அவர் கழுத்து நிமிர்ந்ததில் தெரிந்தது. பெண்டாட்டி கொள்கையில் தன்னைவிடக் கெட்டி என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கூட்டங்களில் பெருமைப்பட்டும் இருக்கிறார். ஆனால் அவள் அடுத்தபடியாக அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"அவன் பேசினது தப்பு. நான் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா அவனுக்குத் தப்புன்னு எப்படித் தெரியும்? வீட்ல பேசாட்டி போ. லேடில் பிடிக்கும்போது பேசாம இருக்காத."

கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' உதிர்ந்துபோகும். புருஷன் எழுந்து கை கழுவப் போனார்.

இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. மைக்செட்டும் கேலியை விட்டுவிட்டான். முதுகையே பார்த்துக்கொண்டு, மாமன் தோள் சாய்வதை வைத்துத் தரையை ஊகித்து நடந்தான். பதினோரு வருஷத்துப் பழக்கம். கால் தன்பாட்டுக்கு ஒன்றாகப் போனது. அதைப் பார்த்து மோல்டிங் ஆள் ஒருவர், "பேச்சே இல்லாம எவ்வளவு சுத்தமா ஊத்துறாங்க பாரு" என்றுகூடச் சொன்னார். ராங்கிக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. பதினாறு வருஷமாக முதுகுக்குப் பின்னால் "கல்லு, கேட்டாச்சு, மேடு, கேட்டாச்சு" என்ற சத்தத்தை வைத்தே வேலை பார்த்தவள். லேடில் எங்கே வருகிறது, எப்போது ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் காதுதான் அவளுக்குச் சொல்லும்.

மழை விடவில்லை. கூரைத் தகரத்துக்கும் முதலாளியின் மூத்த மகனுக்கும் ஒரே வயது, இரண்டும் உதவாது என்று குண்டூசி சொல்லுவாள். ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் காய்ந்த மணலைக் கொட்டி வைப்பார்கள். உருகின இரும்பு ஒரு சொட்டு ஈரத்தில் விழுந்தால் போதும், வெடிக்கும். தகரம் மாற்றச் சொல்லி ஆறு மாதமாக மேஸ்திரி மூலம் சொல்லியாகிவிட்டது. மணல் கொட்டுவதோடு நின்றது.

புதன்கிழமை மத்தியானம் மேல்கமிட்டித் தோழர் ஃபவுண்டரிக்கு வந்திருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர். கண்ணாடித் தோழர் என்பார்கள். கெட்ட மனுஷன் இல்லை. மூன்று தடவை சிறைக்குப் போனவர், முன்பல் நாலும் அங்கேதான் போயிற்று. தேர்தல் நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஷெட் வாசலில், மழைக்கு ஒதுங்கினவராக, குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் லேடில் வந்துகொண்டிருந்தது.

ராங்கி கம்பியால் கோரில் ஓட்டை விட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நாலு கால் சத்தம் கேட்டது. காலடியை எண்ணிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று கை நின்றது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து புதிதாக ஒழுகுகிறது. மணல் இன்னும் கொட்டவில்லை. அந்த இடத்தில் முன்பிடி "ஈரம்" என்று சொல்ல வேண்டும். சொல்லுவார் என்று காது காத்திருந்தது. சொல்லவில்லை. சும்மா ஒரு காலை மட்டும் வலப்பக்கம் எடுத்து வைத்து ஒதுங்கினார். பின்னால் வந்தவன் நேராக வந்தான். கம்பு முறுக்கிக்கொண்டது. லேடில் விளிம்பில் ஒரு கை அளவு இரும்பு தளும்பிக் கீழே விழுந்தது.

பட்டாசுக் கட்டு ஒன்றாக வெடித்தாற்போல் ஒரு சத்தம். அப்புறம் மைக்செட்டின் அலறல்.

ஆனால் கம்பை அவன் விடவில்லை. விட்டிருந்தால் மீதி இரும்பு முன்னால் இருந்தவர் முதுகில் போயிருக்கும். லேடில் தரையில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அவன் விழுந்தான். இடது பூட்ஸுக்குள் இரும்பு போயிருந்தது. பூட்ஸைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலை விட்டு ராங்கி போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலும் வாய் அப்படியே இருந்தது.

"வா அக்கா. இனிமே எனக்கு செருப்புல பாதி விலைதான்."

"வாயைப் பாரு." அவித்த முட்டையை உரித்து அவன் கையில் வைத்தாள். "வலிக்குதா?"

"இல்லாத விரல்தான் வலிக்குது. என்ன கணக்கோ." முட்டையைக் கடித்தான். "மாமா வரலையா?"

"வாசல்ல நிக்கிறாரு."

"உள்ள வர கட்சி விடாதோ?"

அவள் முட்டை ஓட்டைப் பொறுக்கினாள். அவன் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். கேலி போய்விட்டது.

"அவர் ஈரத்தைப் பார்த்தாருக்கா. பார்த்துத்தான் ஒதுங்கினாரு. தோள் சாஞ்சதைப் பார்த்தேன், கல்லுன்னு நினைச்சேன். கல்லுன்னா நான் நேரா தாண்டுவேன். ஒரு சொல்லு... ஒரே ஒரு சொல்லு."

"தெரியும். நான் காதால பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை கிளைக் கூட்டமாம். என்னை நீக்கப் போறாங்களாம். குண்டூசி சொல்லிட்டுப் போச்சு." குரலைத் தாழ்த்தினான். "நீக்கணும்னா அத்தனை கையும் மேலே போகணும், அதுதானே நம்ம கட்சி வழக்கம்? கையைத் தூக்கிடுக்கா. உன்னையும் ஒதுக்கிவச்சிடுவாங்க. பதினாறு வருஷக் கட்சி உனக்கு."

"அதை நீ சொல்லித் தரவேண்டாம்."

"கூட்டு வேண்டாம்னுதானே நீயும் சொல்ற? அப்புறம் எனக்காக எதுக்கு..."

"உனக்காக எவடா சொன்னா? நீ பேசினது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறதால அது சரின்னு ஆயிடாது." எழுந்தாள். "முட்டையை முழுசா தின்னு. மஞ்சளை ஒளிச்சு வைக்காத, நான் தேடுவேன்."

வாசலில் புருஷன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். இருவரும் ஒரு குடையில் நடந்தார்கள். தெரு முழுக்கச் சேறு. குடையை அவர் அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய பாதித் தோள் நனைந்தது. ரொட்டிக்கடை தாண்டும்போது அவராகவே பேசினார்.

"வாய் வரைக்கும் வந்துச்சு."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஈரம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நிமிர்ந்தேன். வாசல்ல தோழர் நின்னாரு. முழுங்கிட்டேன்." கொஞ்ச தூரம் போய், "அவன் காலு எப்படியிருக்கு?" என்றார்.

"அவனைக் கேளு."

"எப்படிக் கேட்கிறது? நான் செயலாளர். நானே மீறினா கிளையில எவன் மதிப்பான்?"

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போற?"

"கட்சி என்ன சொல்லுதோ அதை."

அவள் குடையை விட்டு வெளியே வந்து மழையில் நடந்தாள். அவர் குடையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வீடு வரும்வரை அவள் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளைக் கூட்டம். சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறை. டயர் ரப்பர் வாசனை, இரண்டு பெஞ்சு, மூலையில் சுருட்டி வைத்த கொடிகள். கிளையில் பதினொரு பேர், ஆஸ்பத்திரியில் இருப்பவனைக் கழித்தால் பத்து. ராங்கி சுவரோரம் நின்றாள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. குண்டூசி போன வருஷம்தான் சேர்ந்தவள்; பின்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடித் தோழர் நிதானமாகத்தான் பேசினார்.

"வெளியே எத்தனை எதிரி இருந்தாலும் தாங்கிக்கலாம் தோழர்களே. உள்ளுக்குள்ள ரெண்டு குரல் இருந்தா தாங்க முடியாது. நான் ஜெயில்ல இருந்தவன். எங்களை அடிச்சவன் ஒருத்தனும் எங்களை ஒடைக்கல. 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே'ன்னு உள்ளேயிருந்தே ஒருத்தன் சொன்னான், அவன்தான் ஒடைச்சான். இதை நான் படிச்சுச் சொல்லல, பட்டுச் சொல்றேன். கட்சின்னா கலப்படமில்லாத இரும்பு மாதிரி..."

"தோழர், இரும்பைப் பத்தி எங்ககிட்ட வேண்டாம்," என்றாள் ராங்கி. "கலப்படமில்லாத இரும்பை எங்க உலையில போட்டா உருகவே உருகாது. வேற எதையாவது சொல்லுங்க."

யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள். தோழரும் புன்னகைத்தார், பல் இல்லாத இடம் தெரிந்தது. பிறகு முகம் மாறிற்று.

"நடந்த விபத்தும் ஒரு பாடம். பின்பிடியோட கவனக்குறைவுன்னு அறிக்கையில இருக்கு. கொள்கையில தடுமாறுறவன் வேலையிலயும் தடுமாறுவான்."

"அறிக்கை யாரு எழுதினது?"

"கிளைச் செயலாளர்."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராங்கி புருஷனைப் பார்த்தாள். அவர் மேஜையில் கிடந்த நோட்டீஸ் கட்டின் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார்.

"ஈரம்னு சொன்னியா?" என்று கேட்டாள்.

கயிறு நின்றது.

"எல்லாருக்கும் முன்னால கேட்கிறேன். மூணாவது தூண்கிட்ட வந்தப்போ ஈரம்னு சொன்னியா இல்லையா?"

"இது குடும்ப விஷயமில்ல தோழர்," என்றார் கண்ணாடித் தோழர்.

"நானும் குடும்பத்தைப் பேசல. லேடிலைப் பேசுறேன்." மறுபடி புருஷனைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். குடையின் கீழே அவர் சொன்னதை அவள் அங்கே போட்டு உடைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "சரி. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"வாக்கெடுப்பு," என்றார் தோழர். "நீக்கத்துக்கு ஆதரவா கை தூக்குங்க."

கைகள் போயின. செயலாளரின் கை முதலில் போகவேண்டும், வழக்கம் அப்படி, போயிற்று. பிறகு ஒவ்வொன்றாக. குண்டூசியின் கை பாதி எழும்பி, ராங்கியைப் பார்த்து நின்று, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகப் போயிற்று. மொத்தம் ஒன்பது.

ராங்கி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தோழர், நீங்க கூட்டுக்கு ஆதரவா?"

"இல்ல. இந்த அறையில என்னைவிட அந்தக் கூட்டை வெறுக்கிறவங்க யாருமில்ல." கோணல் மணிக்கட்டை நீட்டினாள். "அதுக்கு அத்தாட்சி இது. அவனை நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்க, நீ சொல்றது தப்புடான்னு ராத்திரி பகலா அவன்கூட மல்லுக்கு நிப்பேன். ஓட்டெடுங்க, அவனைத் தோக்கடிப்பேன். ஆனா அவன்கூடப் பேசாதேன்னு சொன்னீங்களே, அதுக்கு என் கை வராது. அந்தத் தடையால மூணு விரல் போச்சு. ஆறு மாசமா கூரை ஒழுகுது, அதுக்கு முதலாளிக்கு ஒரு கடுதாசி எழுதுனீங்களா? எங்க வாயை மூட மட்டும் ஒரே நாள்ல கடுதாசி வந்துச்சு."

"கூரை வேற விஷயம்."

"அதுக்குக் கீழே நிக்கிறவளுக்கு வேற விஷயமில்ல."

தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை, அதுதான் அதிகமாகக் குத்தியது. "யோசிக்க நேரம் தர்றேன். கை தூக்கலேன்னா அதே முடிவு உங்களுக்கும் பொருந்தும். யாரும் பேசமாட்டாங்க. வீட்லயும்."

"எழுதிக்குங்க," என்றாள். "ஆனா ஒண்ணு. நீங்க பேசாம இருக்கலாம். என்னைப் பேசாம இருக்க வைக்க முடியாது."

படியிறங்கிப் போனாள். சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, கூட்டம் முடிஞ்சுதா?" என்றார். "எனக்கு முடிஞ்சுது. அவங்களுக்கு இனிமேதான்," என்றாள்.

அன்றைக்கு முழுதும் வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். அவள் மட்டும் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தாள்: "மழை விட்ட மாதிரி இருக்கு... சட்டையில பட்டன் போயிருக்கு, கழற்றிப் போடு... தம்பிக்கு வெள்ளிக்கிழமை கட்டு பிரிக்கிறாங்களாம்." பதில் வராத இடத்தில் எல்லாம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அடுத்ததைச் சொன்னாள்.

திங்கட்கிழமை உலை ஏற்றினார்கள். பதினோரு மணிக்கு இரும்பு தயார். மோல்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. முன்பிடிக்காரர் லேடிலின் முன்கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பின்கம்பைப் பிடிக்க ஆள் வரவில்லை.

மேஸ்திரி ஒருவனைக் கூப்பிட்டார். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். இன்னொருவனைக் கூப்பிட்டார், அவன் மண் சலிக்க ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது ஆள் வாத்து, எல்லோருக்கும் தலையாட்டுகிறவன், நேற்றுக் கூட்டத்தில் செயலாளருக்கு அடுத்தபடி கை தூக்கியவன். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னய்யா, உனக்கென்ன?"

"வேற யார்கூடன்னாலும் பிடிக்கிறேன் மேஸ்திரி." தரையைப் பார்த்துச் சொன்னான். "இவர் பின்னால வேண்டாம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

ஷெட்டே அசையாமல் நின்றது. கட்சியில் தூக்கின கை வேறு, கம்பு பிடிக்கிற கை வேறு என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பிடிக்காரரின் முகம் உலைவெளிச்சத்திலும் செத்துப்போயிருந்தது. பதினோரு வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"உலையைத் திறந்தாச்சு! இரும்பு காத்திருக்காது!" என்று மேஸ்திரி கத்தினார்.

ராங்கி கையிலிருந்த கம்பியைக் கோர் பெட்டிமேல் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் தோல் கையுறை ஆணியில் தொங்கியது, எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ரொம்பப் பெரிது.

"நான் பிடிக்கிறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? பொம்பளை லேடில் பிடிச்சு எங்க பார்த்த? அந்தக் கையை வச்சுக்கிட்டு..."

"பாதி ஊத்துங்க மேஸ்திரி. ரெண்டு நடையா போறோம்."

வேறு வழியில்லை. பாதி பிடித்தார்கள். அவள் பின்கம்பைத் தூக்கியபோது கோணல் மணிக்கட்டில் மின்னல் மாதிரி ஒன்று தோள்வரை ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முன்னால் புருஷனின் முதுகு, நடுவில் வெளிச்சம், தரை இல்லை. தம்பி இத்தனை நாளும் பார்த்தது இதைத்தான். கேள்விப்பட்டது வேறு, பிடித்துப் பார்ப்பது வேறு.

"நட," என்றாள்.

அவர் நடந்தார். ஓரடி, ஈரடி, அஞ்சடி. வாய் திறக்கவில்லை. ஷெட்டில் மண்வெட்டிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. கிளைக்காரர்கள் நாலு பேர் அங்கேயேதான் நிற்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். முதல் தூண் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவர் நின்றுவிட்டார்.

அவளும் நின்றாள். கம்பு கையுறைக்குள் வழுக்கியது. இரும்பின் மேலே மெல்லிய ஏடு கட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஊற்ற உதவாது. அவர் தோள் ஏறி இறங்கியது தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஈரம்," என்றார் அவர். தொண்டைக்குள்ளேயே.

அவள் பதில் கொடுக்கவில்லை. பதில் வராவிட்டால் முன்பிடி நகரக்கூடாது. அவர் நகரவில்லை.

"ஈரம்." இந்தத் தடவை பக்கத்தில் நின்ற வாத்துக்குக் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சத்தமா சொல்லு," என்றாள் ராங்கி. "பின்பிடிக்குக் கேட்கணும்."

அவர் தலையை நிமிர்த்தினார். ஷெட்டின் அந்தக் கோடிவரை, உலைக்காரன்வரை, வாசலில் தொங்கிய தேர்தல் நோட்டீஸ்வரை கேட்கிற மாதிரி, தொண்டை கிழியக் கத்தினார்:

"ஈரம்! மூணாவது தூணு, இடது பக்கம்! அன்னிக்கும் இங்கதான் ஈரம்! நான் சொல்லல!"

"கேட்டாச்சு," என்றாள் அவள். "நட."